நாற்பதுக்குப் பின் வந்த நல்லாண்டு
(ஜாக் ஹாப்ஸ் வரலாறு)

நாற்பது வயது என்பது நம் மக்கள் பேச்சில் ஓர் எல்லைக்கல். நாற்பதில் வெள்ளெழுத்து என்பார்கள். கணக்கேட்டைக் கை நீட்டித் தூரப் பிடித்துப் படிக்கத் தொடங்கும் வயது அது. ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் அடியேனுக்கும் அச்சங்கடம் வந்தது, மூக்குக்கண்ணாடியும் வந்தது. சென்ற ஆண்டு நம் சங்கத்தின் விளையாட்டு நாளன்று இளைஞர்கள் கிரிக்கெட் ஆடப் புறப்பட்டபோது, நாற்பதைக் கடந்த எங்களுக்கு மர நிழலில் நாற்காலியும், ஓட்டக் கணக்கு எழுதும் புத்தகமும், ஒரு பென்சிலும் மரியாதையுடன் அளிக்கப்பட்டன. அன்பினால் செய்த ஏற்பாடு அது, குறை கூறுவதற்கில்லை. ஆயினும், அன்று மாலை வரையில் புள்ளிகளும் கோடுகளுமாக எழுதிக்கொண்டிருந்த எனக்கு ஒரு பெரியாரின் நினைவு மீண்டும் மீண்டும் வந்தது. அவர் தமது நாற்பத்திரண்டாம் வயதில், உலகம் அதுவரை காணாத அளவில் ஒரே ஆண்டில் சதங்கள் குவித்தவர். இங்கிலாந்து நாட்டு ஜாக் ஹாப்ஸ் என்பது அவர் பெயர். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அவர் வரலாற்றையே எழுதுவதென்று துணிந்தேன்.

இளமையும் வறுமையும்

ஜான் பெர்ரி ஹாப்ஸ் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். பன்னிரண்டு குழந்தைகளில் அவரே மூத்தவர். அந்நகரம் கல்விக்குப் பெயர் பெற்றது. ஆயினும் ஹாப்ஸ் குடும்பத்துக்கும் அங்குள்ள கல்லூரிகளுக்கும் இருந்த தொடர்பு நூல் வழி வந்ததன்று; புல் வழி வந்தது. தந்தையார் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பயிற்சிப் பந்து வீசுபவராக இருந்து, பின்னர் ஜீசஸ் கல்லூரியின் ஆடுகளத்தைப் பேணும் ஊழியரானார். புல்லை வெட்டுவதும், உருளை இழுப்பதும், கோடு போடுவதும் அவர் தொழில்.

சிறுவன் ஹாப்ஸுக்கு ஆசிரியர் எவரும் இலர். கல்லூரி ஊழியர்களின் பிள்ளைகளோடு சரளைக்கல் பரவிய டென்னிஸ் தரையில் ஆடினான். மட்டைக்குப் பதிலாக ஒரு கிரிக்கெட் குச்சி. பந்தோ பழைய டென்னிஸ் பந்து. ஒடுங்கிய குச்சியால் துள்ளும் பந்தை அடிக்க வேண்டுமாயின் கண் கூர்மையாக இருத்தல் வேண்டும். கால் சரியான இடத்துக்குச் செல்லுதல் வேண்டும். வலிமையைக் காட்டாமல் ஆளில்லாத இடம் நோக்கிப் பந்தைத் திருப்புதல் வேண்டும். பிற்காலத்தில் உலகம் வியந்த ஆட்டத்துக்கு அடிப்படை அந்தச் சரளைத் தரையிலேயே அமைந்தது.

அந்நகரிலே பார்க்கர்ஸ் பீஸ் என்றொரு பொதுத் திடல் உண்டு. செல்வரும் வறியரும் ஒருங்கே ஆடக்கூடிய இடம் அது. ஹாப்ஸ் சிறு பிள்ளையாக இருந்த ஆண்டுகளில் நம் நாட்டு ரஞ்சித்சிங்ஜியும் அத்திடலில் பயின்றார். அவ்வூரினரும் சர்ரே மாவட்டத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரருமான டாம் ஹேவர்டு, ஹாப்ஸின் திறனைக் கண்டறிந்ததும் அதே திடலில்தான்.

1902ஆம் ஆண்டு தந்தையார் காலமானார். மூத்த பிள்ளைக்கு அப்போது இருபது வயதும் நிறையவில்லை. நிராதரவான அக்குடும்பத்துக்கு உதவி திரட்டும் பொருட்டு ஹேவர்டு ஓர் ஆட்டத்தை நடத்திக் கொடுத்தார். இந்நிலையில் ஹாப்ஸுக்காக எஸ்ஸெக்ஸ் மாவட்டக் கழகத்தை அணுகியபோது, சோதித்துப் பார்க்கவும் அக்கழகம் முன்வரவில்லை. பின்னர் ஹேவர்டின் முயற்சியால் 1903ஆம் ஆண்டு லண்டன் ஓவல் மைதானத்தில் சர்ரே கழகத்தார் அவரைச் சோதித்து ஏற்றுக்கொண்டனர்.

ஏற்றுக்கொண்டவுடன் ஆடிவிட இயலாது. வேற்று மாவட்டத்தில் பிறந்தவர் சர்ரேக்கு ஆட வேண்டுமாயின், இரண்டாண்டுகள் அங்கே குடியிருத்தல் வேண்டும் என்பது விதி. பிழைப்புத் தேடிப் பிறந்த மண்ணை விட்டு வந்து, புதிய ஊரில் இடம் பெறக் காத்திருப்பதன் பொருளை நம் சங்கத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முதல் ஆட்டத்தில் எதிர்ப்பட்ட பெரியவர்

காத்திருப்பு முடிந்து, 1905ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஓவல் மைதானத்தில் ஹாப்ஸ் தமது முதல் ஆட்டத்தை ஆடினார். எதிர் அணி இங்கிலாந்துக் கனவான்கள் அணி. அதன் தலைவர் நீண்ட தாடியும் பெருத்த உடலும் கொண்ட டாக்டர் டபிள்யூ. ஜி. கிரேஸ். கிரிக்கெட் ஆட்டத்துக்கே தந்தை போல் விளங்கிய அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. முதல்தர ஆட்டங்களில் அவர் அடித்த சதங்கள் 126. அவ்வெண்ணை எவரும் எட்டார் என்றே யாவரும் எண்ணியிருந்தனர். புதியவராகிய ஹாப்ஸ் அந்த ஆட்டத்தில் 18 ஓட்டங்களும் 88 ஓட்டங்களும் எடுத்தார். அந்த இளைஞரே இருபது ஆண்டுகள் கழித்துத் தம் எண்ணைக் கடப்பார் என்று கிரேஸ் அன்று கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

அடுத்து வந்த ஆட்டம் எஸ்ஸெக்ஸ் அணியோடு. முன்னர் தம்மைச் சோதித்துப் பார்க்கவும் மனங்கொள்ளாத அதே மாவட்டத்துக்கு எதிராக ஹாப்ஸ் 155 ஓட்டங்கள் எடுத்தார். ஏதும் சொல்லாமல் மட்டையினாலேயே விடையிறுத்தார் என்பதே பொருந்தும்.

இரண்டு வாயில்கள்

நிற்க. அக்காலத்து ஆங்கிலக் கிரிக்கெட்டின் சாதி முறையைச் சிறிது அறிந்தாலன்றி ஹாப்ஸின் பெருமை முழுவதும் விளங்காது. பொருள் வேண்டாது பொழுதுபோக்காக ஆடியவர் கனவான். ஆட்டத்துக்குக் கூலி பெற்றவர் தொழில்முறை ஆட்டக்காரர். இரு சாராரும் ஒரே அணியில் ஆடுவர்; ஆனால் உடை மாற்றும் அறை வேறு; பல மைதானங்களில் களத்துக்குச் செல்லும் வாயிலும் வேறு. வெளியூர்ப் பயணங்களில் கனவான்கள் முதல் வகுப்பிலும் கூலிக்கு ஆடுவோர் மூன்றாம் வகுப்பிலும் செல்வது வழக்கம். அச்சிட்ட ஆட்டப் பட்டியலிலே கனவானுக்கு முதலெழுத்துகள் பெயருக்கு முன்னே நிற்கும். மற்றவருக்குப் பின்னே தள்ளப்படும். முதலெழுத்தின் மதிப்பை நன்கறிந்த தமிழர்க்கு இதன் வலி எளிதில் புலனாகும். அணித் தலைமையோ கனவான்களுக்கே உரியது.

ஹாப்ஸ் கூலிக்கு ஆடியவர். அதை அவர் மறைத்ததுமில்லை. அதற்காக எவரிடமும் குழைந்ததுமில்லை. 1908ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் மெல்போர்னில் தொடங்கிய ஆட்டத்தில் இங்கிலாந்துக்காக முதன்முறை இறங்கி 83 ஓட்டங்கள் எடுத்தார். 1909-10ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில், பாய் விரித்த தளத்தில், இருபுறமும் திரும்பும் சுழற்பந்துகளால் பிறர் திணறிக்கொண்டிருந்தபோது, பந்து வீச்சாளரின் கையை நோக்கியே பந்தின் போக்கை அறிந்து ஆடினார். 1912ஆம் ஆண்டு மெல்போர்னில் அவரும் வில்பிரட் ரோட்ஸும் முதல் விக்கெட்டுக்கு 323 ஓட்டங்கள் சேர்த்தனர். தொடக்க ஆட்டக்காரர்களில் அவருக்கு இணை எவருமில்லை என்பது அப்போதே நிலைநாட்டப்பட்டது.

இழந்த ஆண்டுகள்

இவ்வாறு புகழின் நடுவில் இருந்த காலத்தில் 1914ஆம் ஆண்டு உலகப் போர் மூண்டது. ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் வாழ்நாளில் எதிர்நோக்கும் பெருவரவு, அவர் நலனுக்காக நடத்தப்படும் நிதி ஆட்டம். ஹாப்ஸுக்குரிய அவ்வாட்டம் அந்த ஆகஸ்டு மாதத்தில் அமைந்தது. ஓவல் மைதானத்தைப் படையினர் எடுத்துக்கொண்டமையால் ஆட்டம் லார்ட்ஸுக்கு மாற்றப்பட்டது, வசூலும் குன்றியது. வேறோர் ஆட்டம் அவருக்குக் கிடைத்தது 1919ஆம் ஆண்டில்தான்.

முதலில் போர்க்கருவித் தொழிற்சாலையிலும், பின்னர் 1916 முதல் விமானப் படையில் இயந்திரப் பணியாளராகவும் அவர் உழைத்தார். 1915 தொடங்கி நான்கு பருவங்கள் முதல்தர ஆட்டமே இல்லை. முப்பத்திரண்டு முதல் முப்பத்தைந்து வயது வரையிலான அக்காலம் ஓர் ஆட்டக்காரரின் பொற்காலம். அது போயிற்று.

போர் முடிந்து மீண்டும் களம் புகுந்தார். 1921ஆம் ஆண்டில் தொடைத் தசை கிழிந்து பல வாரங்கள் ஆட இயலாதிருந்தார். அது தேறி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக லீட்ஸ் நகரில் நடைபெற்ற ஆட்டத்துக்கு வந்தபோது, ஆட்டத்தின் நடுவிலேயே வயிற்றில் கடும் வலி கண்டது. குடல்வால் புண்ணாகியிருந்தது. உடனே அறுவைச் சிகிச்சை செய்திராவிடில் உயிருக்கே முடிவு நேர்ந்திருக்கும். அப்போது வயது முப்பத்தெட்டு. மற்றொருவராயின் அத்துடன் மட்டையைச் சுவரில் சாய்த்திருப்பார். நோய்க்குப் பின் பழைய அதிரடி ஆட்டம் அவரிடம் குறைந்ததென்பது உண்மை. ஆனால் இழந்த வேகத்தை எண்ணி அவர் ஏங்கவில்லை. இருந்த வலுவுக்கேற்ப ஆட்டத்தைத் திருத்தி அமைத்துக்கொண்டார். கால் நகர்வைச் சுருக்கினார், பொறுமையைப் பெருக்கினார். நாற்பதாவது பிறந்த நாள் வரையில் அவர் அடித்த சதங்கள் 99. நூறாவது சதம் 1923ஆம் ஆண்டு மே மாதத்தில் பாத் நகரில் சாமர்செட் அணிக்கு எதிராக வந்தது.

1925ஆம் ஆண்டு

அவ்வாண்டு தொடங்கியபோது ஹாப்ஸ் ஆஸ்திரேலியாவில் இருந்தார். மெல்போர்னில் எதிரணியினர் 600 ஓட்டங்கள் குவித்திருந்தனர். விடையாக இறங்கிய ஹாப்ஸும் ஹெர்பர்ட் சட்கிளிஃபும் ஒரு நாள் முழுவதும் பிரியாமல் ஆடி 283 ஓட்டங்கள் சேர்த்தனர். இங்கிலாந்து அந்த ஆட்டத்தில் தோற்றது. ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்றது. எனினும் ஹாப்ஸ் மூன்று சதங்களோடு திரும்பினார்.

தாயகத்தில் கோடைப் பருவம் தொடங்கியதும், ஓய்வு கொள்ள வேண்டிய வயதிலிருந்த அம்மனிதர் சதத்தின் மேல் சதமாக அடிக்கலானார். ஜூலைப் பிற்பகுதியில் பிளாக்ஹீத் மைதானத்தில் கென்ட் அணிக்கு எதிராக எடுத்த சதம் அவருடைய 125ஆவது சதம். இன்னும் ஒன்று வந்தால் கிரேஸுக்கு நிகர்.

அந்த ஒன்றுதான் வரவில்லை. ஏறத்தாழ நான்கு வாரங்கள் வரவில்லை. அவர் செல்லுமிடமெல்லாம் பத்திரிகை நிருபர்களும் புகைப்படக்காரர்களும் உடன் சென்றனர். காலையில் செய்தித்தாளைப் பிரிப்பவர் யாவரும் முதலில் தேடியது அவர் எண்ணிக்கையை. நூற்றுக்கு முன்னரே ஆட்டமிழக்கும்போதெல்லாம் நாடே பெருமூச்செறிந்தது. ஓர் எழுத்தருக்குப் பதவி உயர்வு வருமென்று அலுவலகம் முழுவதும் பேசிக்கொண்டிருக்க, உத்தரவு மட்டும் வாராதிருப்பின் அவர் நெஞ்சம் என்ன பாடுபடும்? நாள்தோறும் பதினாயிரம் கண்களுக்கு முன்னால் ஹாப்ஸ் பட்ட பாடு அதனினும் பெரிது. இருந்தும் அவர் ஆட்டத்தை ஒளித்துக்கொண்டு பதுங்கவில்லை. தமக்காக ஆடி அணியைக் கைவிடவுமில்லை.

ஆகஸ்டு 15, சனிக்கிழமை. டாண்டன் என்னும் சிறு நகரில் சாமர்செட் அணியோடு ஆட்டம் தொடங்கியது. அன்று ஆட்டம் முடிந்தபோது ஹாப்ஸ் ஆட்டமிழக்காமல் 91 ஓட்டங்கள் எடுத்திருந்தார். ஒன்பது ஓட்டங்களே குறை. ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆட்டமில்லை. ஒரு பகலும் இரண்டு இரவுகளும் நாடு காத்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் அந்த ஒன்பது ஓட்டங்கள் வந்தன. நூறாவது ஓட்டத்தைத் தந்தது ஆரவாரமான அடியன்று. பந்தை மெல்லத் திருப்பி ஓடி எடுத்த ஓர் ஒற்றை ஓட்டமே. அவையோர் எழுந்து நின்றனர். எதிரணியினர் ஓடி வந்து கைகுலுக்கினர். சர்ரே அணித் தலைவர் பெர்சி ஃபெண்டர் கையில் கிண்ணத்தோடு களத்துக்கே வந்து பருகத் தந்தார். கூலிக்கு ஆடுபவர்க்குக் கனவான் ஒருவர் பானம் ஏந்தி வந்து நின்ற காட்சி அது. ஹாப்ஸ் கிண்ணத்தை மக்களை நோக்கி உயர்த்திவிட்டுப் பருகினார். 101 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார்.

மறுநாள் இரண்டாம் ஆட்டத்தில் மீண்டும் இறங்கினார். நான்கு வாரங்களாகக் கண்ணாமூச்சி ஆடிய சதம் அன்று தானாக வந்து நின்றது. 101 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்று, சர்ரே அணி பத்து விக்கெட்டுகளால் வெற்றி பெறச் செய்தார். அச்சதம் 127ஆவது. இரு நாட்களில் கிரேஸை எட்டவும் செய்தார்; கடக்கவும் செய்தார்.

பருவ முடிவில் அவர் கணக்கில் 3,024 ஓட்டங்கள் இருந்தன. சராசரி எழுபதுக்கு மேல். ஒரு பருவத்தில் அதனினும் மிகுதியான ஓட்டங்கள் எடுத்தவர் உண்டு. 1906ஆம் ஆண்டில் டாம் ஹேவர்டே 3,518 எடுத்தார். ஆனால் சதங்களின் எண்ணிக்கையில் அதுவரை எவரும் 13ஐத் தாண்டியதில்லை. ஃபிரை, ஹேவர்டு, ஹென்ட்ரன் ஆகிய மூவரும் அதில் நின்றனர். ஹாப்ஸ் 16 சதங்கள் அடித்தார். கைதூக்கிவிட்ட ஹேவர்டின் எண்ணை அவரால் வளர்ந்தவரே கடந்தார். 1947ஆம் ஆண்டில் டெனிஸ் காம்ப்டன் 18 சதங்கள் அடிக்கும் வரையில் அது நிலைத்திருந்தது.

அவ்வாண்டின் கடைசிச் செயல்களுள் ஒன்றை மறத்தலாகாது. செப்டம்பர் மாதத்தில் ஸ்கார்பரோ நகரில் கனவான்கள் அணிக்கும் தொழில்முறையாளர் அணிக்கும் நடைபெற்ற ஆட்டத்தில் ஹாப்ஸ் ஆட்டமிழக்காமல் 266 ஓட்டங்கள் எடுத்தார். நூறாண்டுகளுக்கு மேல் நடைபெற்ற அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதுதான் மிக உயர்ந்த எண்.

புகழுக்குப் பின்

அடுத்த ஆண்டு லார்ட்ஸ் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 316 எடுத்தார். மான்செஸ்டரில் இங்கிலாந்து அணித் தலைவர் நோயுற்றபோது, தலைமைப் பொறுப்பு இந்தத் தொழில்முறை ஆட்டக்காரரிடம் வந்தது. அதே பருவத்தில் ஓவல் மைதானத்தில், மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து பந்து தாறுமாறாகத் துள்ளிய தளத்தில் சதம் அடித்து, ஆஷஸ் வெற்றிக்கு வழி வகுத்தார். 1929ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மெல்போர்னில் 142 ஓட்டங்கள் எடுத்தபோது அவர் வயது நாற்பத்தாறு. டெஸ்ட் ஆட்டத்தில் சதம் அடித்தவர்களுள் அவரே வயதில் மூத்தவர் என்ற பெருமை இன்றும் அவருடையதே. 61 டெஸ்ட் ஆட்டங்களில் 5,410 ஓட்டங்களும் 15 சதங்களும் எடுத்து, 1930ஆம் ஆண்டில் அவ்வரங்கிலிருந்து விலகினார்.

1930-31ஆம் ஆண்டில் அவர் நம் நாட்டுக்கு வந்தார். விஜயநகரம் மகாராஜகுமாரின் அணியில் சட்கிளிஃபுடன் சேர்ந்து இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவதில்லை என்ற தம் நெறியை இங்கும் அவர் தளர்த்தவில்லை. அப்பயணத்தில் அவர் எடுத்த இரு சதங்களைப் பற்றிக் கணக்காய்வாளரிடையே பிற்காலத்தில் பெரு வழக்கு எழுந்தது. அவ்வாட்டங்களும் முதல்தரமே என்று கொண்டால் அவருடைய மொத்தச் சதங்கள் 199, அல்லவென்றால் 197. கணக்கெழுதும் தொழிலில் உள்ள எனக்கு இவ்வழக்கில் ஓர் இன்பம் உண்டு. நாற்பதுக்குப் பின் அவர் அடித்த சதங்கள் 98. அவ்விரண்டையும் கூட்டினால் சரியாக நூறு. நாற்பதுக்கு முன்னர் 99, பின்னர் 100! எவர்க்குத்தான் அந்த அழகிய கணக்கை ஏற்றுக்கொள்ள மனம் வாராது? ஆனால் ஹாப்ஸ் ஏற்கவில்லை. அவை முதல்தர ஆட்டங்கள் ஆகா என்று கருதித் தமது எண் 197 என்றே இறுதிவரை கொண்டார். தமக்கு உரியதன்று என்று தோன்றிய ஒன்றைத் தம் பேரேட்டில் வரவு வைக்க அவர் மனம் ஒப்பவில்லை.

கடைசிச் சதம் 1934ஆம் ஆண்டில், ஐம்பத்தோராம் வயதில் வந்தது. லண்டன் ஃப்ளீட் தெருவில் விளையாட்டுப் பொருள் கடை வைத்து நேர்மையாக நடத்தினார். 1953ஆம் ஆண்டு அவருக்குச் சர் பட்டம் அளிக்கப்பட்டது. தொழில்முறைக் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதன்முறை. முதலெழுத்தைப் பெயருக்குப் பின்னே தள்ளிய நாடு, பட்டத்தைப் பெயருக்கு முன்னே வைத்தது.

கனவான், கூலிக்காரர் என்ற பிரிவினை 1962ஆம் ஆண்டு இறுதியில் ஒழிக்கப்பட்டது. ஆகவே ஸ்கார்பரோவில் அவர் எடுத்த 266ஐ இனி எவரும் முறியடிக்க இயலாது. அந்தப் போட்டியே மறைந்துவிட்டது. ஒரே வாயில் வழியே எல்லோரும் களம் புகுந்த முதல் பருவத்தை, 1963ஆம் ஆண்டுக் கோடையை, முதியவர் ஹாப்ஸ் கண்ணால் கண்டார். நெடுங்காலம் நோயுற்றிருந்து அவரால் பரிவுடன் பேணப்பட்ட துணைவியார் ஏடா அவ்வாண்டிலேயே மறைந்தார். எண்பத்தோராவது பிறந்த நாள் கழிந்து ஐந்தாம் நாள், டிசம்பர் 21ஆம் தேதி, ஹோவ் நகரில் ஹாப்ஸும் காலமானார்.

அன்பர்களே! அவ்வரிய ஆண்டு அவருக்கு இருபத்திரண்டில் வந்திருந்தால் அதை இளமையின் விளைவு என்று கூறிவிடலாம். நாற்பத்திரண்டில் வந்தது. தந்தையை இழந்து, தகுதிக்குக் காத்திருந்து, போரில் நான்கு ஆண்டுகளைத் தொலைத்து, நோயில் உயிர் தப்பி, வேறு வாயில் வழியே நடந்து வந்த ஒருவருக்கு வந்தது. வந்த பின்னரும் அவர் நடை மாறவில்லை. நாற்பது என்பது கணக்கை முடித்துக் கோடிடும் பக்கம் அன்று; பாதிக்கு மேல் இன்னும் வெறுமையாகக் கிடக்கும் பக்கம் என்பதே அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது.

ஆதலால் சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு பணிவான விண்ணப்பம். இவ்வாண்டு விளையாட்டு நாளிலும் கணக்குப் புத்தகத்தை மகிழ்வோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மாலையில் வெயில் தாழ்ந்த பின்னர், ஐந்தாறு பந்துகளுக்கேனும் மட்டையை எங்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். ஓட்டம் வருமோ வாராதோ, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆயத்தமாக இருப்போம்.